மண்கரையை விட்டு நகராத படை

பெங்களூரிலிருந்து வந்த படிவத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பன்னிரண்டுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிட்டேன். மீதி இரண்டு என்னை ஒன்றரை மாதம் ஆட்டிவைத்தன. ஒன்பதாவது: ஆட்டத்தை உருவாக்கியவர் எதிராளிக்கு நடுவில் ஏதேனும் ஆலோசனை சொன்னாரா? பதினொன்றாவது: தொடங்கிய இருவரே கடைசிவரை ஆடினார்களா?

என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். மேசைமேல் போர். கட்டைவிரல் நகம் உயரத்தில் உலோகச் சிப்பாய்கள், ஒரு அளவுகோல், நான்கு பகடைகள், ஒரு விதிப்புத்தகம். உண்மையில் நடந்த பழைய போர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நடந்த நிலத்தை அளவு குறைத்து மேசையில் செய்து, ஆளுக்கொரு பக்கம் நின்று மறுபடி நடத்திப் பார்ப்பது. அன்றைக்கு அந்தப் படை இடது பக்கம் போகாமல் வலது பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி. இதை அலுவலகத்தில் விளக்க நான் கைவிட்டுவிட்டேன். விளக்கினால் வரும் பதில்கள் மூன்று. போனில் வராதா? சின்னப் பிள்ளையில் விளையாடவில்லையா? வீட்டில் இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லையா?

எனக்கு வேலை சுரங்கத் திட்டப் பிரிவில். நிலத்தின் மேடு பள்ளங்களைச் சம உயரக் கோடுகளாக வரைவதும், அடுத்த வருடம் எங்கே வெட்டுவார்கள் என்று குறிப்பதும்தான் நாள் முழுக்க. வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறேன் என்று அம்மா குறைப்படுவாள். உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் வரைந்த மேட்டை ஒரு வருடத்தில் இயந்திரம் தின்றுவிடும். நான் தெர்மகோலை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிய மேடு என் அலமாரியில் இருக்கும்.

கடையில் கிடைக்கும் பெட்டிகளில் எல்லாம் பனியும் ஊசியிலைக் காடும் உள்ள தேசத்துப் போர்கள். நான் பனியைப் பார்த்ததில்லை. பக்கத்தில், பஸ்ஸில் போய்ப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரத்தில், பரங்கிப்பேட்டை இருக்கிறது. ஆங்கிலேயக் கும்பினிப் படையும் மைசூர்ப் படையும் மோதிய இடம். அதற்குப் பெட்டி எதுவும் இல்லை. நானே செய்தேன். இரண்டு தடவை போய் மணல்மேடுகளைப் பார்த்து வந்தேன். சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்ட மட்டும் ஐந்து மாதம் ஆனது. பூதக்கண்ணாடிக்குக் கீழே, மூன்று மயிர் மட்டும் விட்டு வெட்டிய தூரிகையால், ஒரு சிப்பாயின் குறுக்குவாருக்கு வெள்ளை இழுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வேன். கோடு நேராக விழுந்துவிட்டால் அந்த நாள் எனக்குப் போதும். விழுந்த ஒரு மணி நேரத்தில் அதன்மேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் படியும். அம்மா தன் பழைய நூல்புடவை ஒன்றைக் கொடுத்து, உன் பட்டாளத்தைப் போர்த்தி வை என்றாள்.

பெங்களூரில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். நான்கு வருடமாகப் போய், அடுத்தவர்கள் செய்த மேசைகளைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறேன். இந்த வருடம் எனக்கென்று ஒரு மேசை வேண்டும் என்று கேட்டு எழுதினேன். என் பரங்கிப்பேட்டை அங்கே விரிக்கப்பட வேண்டும், முன்பின் தெரியாத இரண்டு பேர் அதன் இரு பக்கமும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. தரலாம், ஆனால் ஆட்டம் இரண்டு பக்கத்துக்கும் சமமானதுதானா என்று தெரிய வேண்டும், ஆடிப் பார்த்த விவரத்தை இந்தப் படிவத்தில் நிரப்பி அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

ஆடிப் பார்க்க எதிராளி வேண்டும். இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் எதிராளிக்கு நான் அலைந்ததை எழுதினால் தனிப் பட்டியலாகும். கடைசியில் ஆள் கீழ்வீட்டில் கிடைத்தார்.

கீழ்வீட்டு அங்கிளுக்கு மண் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்கு வந்த குடும்பம். முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அவர் வீட்டுச் சுவரில் கசிகிறது என்று சொல்ல மாடிக்கு வந்தவர், மேசையைப் பார்த்து நின்றுவிட்டார். கசிவைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மணல்மேட்டைக் கவனித்தார்.

"மேடம், இந்த மணலு வேற கலரா கீதே. மைன்ஸ்ல மேல்மண்ணு எடுக்கறப்ப இதே மாதிரி வரும். நான் எடுத்தாரேன்."

மறுநாள் டிபன் பையில் கொண்டுவந்தார். சலித்து ஒட்டினேன். அசல் பரங்கிப்பேட்டை மணல் போலவே இருந்தது. அதற்கப்புறம் அவர்தான் மைசூர். அது நம்ம பக்கம், நான்தான் ஆடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆட்டம் இதுதான். கும்பினிப் படை தெற்கே பரங்கிப்பேட்டையிலிருந்து வடக்கே கடலூருக்குப் போக வேண்டும். நடுவில் சாலையை மறித்து மைசூர்ப் படை மண்கரை எழுப்பிப் பீரங்கி வைத்திருக்கிறது. கிழக்கே கடல். கடலுக்கும் மண்கரைக்கும் நடுவே மணல்மேடுகள், அவற்றுக்குள் ஒரு சந்து. மொத்தம் பன்னிரண்டு சுற்று. அதற்குள் கும்பினியின் ஆறு அணிகளில் நான்கு வடக்கு விளிம்பைத் தாண்டினால் எனக்கு வெற்றி. தாண்டவிடாமல் நிறுத்தினால் அவருக்கு. இவற்றையும், எந்த அணி எங்கே நிற்கும், எந்தச் சுற்றில் எது வந்து சேரும் என்பதையும் ஒரே தாளில் பட்டியலாக அச்சடித்துக் கொடுத்திருந்தேன். தாளை இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டுத்தான் ஆட வந்தார்.

சேர்ந்து உட்காரும் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. எனக்கு ஜெனரல் ஷிப்ட். ஞாயிறு விடுமுறை. அவருக்கு முதல் ஷிப்ட் வாரம் என்றால் ஞாயிறு காலை இருக்க மாட்டார். நைட் ஷிப்ட் என்றால் காலையில் தூங்குவார். இரண்டாம் ஷிப்ட் வாரத்து ஞாயிறுகள்தான் மிச்சம், அதுவும் ஒன்றேகால் மணிக்கு ஷிப்ட் பஸ் வரும்வரை.

முதல் ஆட்டத்தில் மூன்று காலாட்படை அணிகளையும் மண்கரையில் நிறுத்தினார். நான் இரண்டாம் சுற்றிலேயே சந்துக்குள் திரும்பினேன். எந்த எதிராளியும் அந்த நேரத்தில் கரையிலிருந்து ஓர் அணியையாவது எடுத்து மணல்மேட்டுப் பக்கம் அனுப்புவார். அனுப்பினால் ஆட்டம் சூடு பிடிக்கும். அப்படித்தான் அமைத்திருந்தேன். நான்காம் சுற்றில் கரைக்கு எதிரே என் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. அவர் கையை நீட்டிக் கரையில் இருந்த ஓர் அணியைத் தொட்டார். தொட்டபடியே யோசித்தார்.

"இவன் கெளம்பிட்டா, இவனுக்கு ரிலீவர் யாரு?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மேற்கே நின்ற குதிரைப்படையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "குதிரக்காரன் வந்து நின்னா ரிலீப் ஆவாது. ஆபரேட்டர் எடத்துல எலக்ட்ரீசியன் வந்து நிக்கற கத." கையை எடுத்துக்கொண்டார். கரை அப்படியே இருந்தது. குதிரைப்படை மட்டும் மணலில் வந்து மாட்டிக்கொண்டது. ஆறாம் சுற்றில் என் நான்காவது அணி வடக்கு விளிம்பைத் தாண்டிவிட்டது. ஆட்டம் முடிந்தது.

ஷிப்ட் வேலையில் இந்த விதி எனக்கும் தெரியும். மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் இடத்தை விட்டு இறங்கக் கூடாது. பஸ் தவறினாலும், வீட்டில் கல்யாணமே நடந்தாலும், ரிலீவர் வந்து லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்வரை நிற்க வேண்டும். ஆனால் இது மேசை. அங்கே நிற்பது ஈயப் பொம்மை.

இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒன்பதாவது கேள்வி சொல்லவிடவில்லை. உருவாக்கியவர் வழிகாட்டினால் சோதனை சோதனையில்லை. அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது ஆட்டம் மூன்று வாரம் கழித்து. கீழ்வீட்டு ஆன்ட்டியும் வந்து, முருங்கைக் கீரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருவதிகையில் பிறந்தவர். புருஷனைக் கிண்டல் செய்வதற்கென்றே வந்தது போலிருந்தது. அங்கிள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு நீள நோட்டில் லாக் எழுதினார். சுற்று மூன்று, கரையில் மூன்று அணி, நார்மல். சுற்று நான்கு, கரையில் மூன்று அணி, நார்மல்.

"எதிரி பின்னால பூந்து போய்க்கினு கீறான், இந்தாளு நார்மல்னு எழுதிக்கினு கீறாரு பாரு" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் நிமிரவில்லை. கரை நகரவில்லை. மறுபடியும் ஆறாம் சுற்றில் முடிந்தது. நான் மேசைக்கடியில் என் கட்டைவிரலை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆட்டத்தின் விவரத்தையும் அனுப்பினேன். நான் பயந்த பதிலே வந்தது. பாதியிலேயே முடிகிறது, மைசூர்ப் பக்கத்துக்கு வாய்ப்பே இருப்பதாகத் தெரியவில்லை, அமைப்பில் கோளாறு. மாதக் கடைசிக்குள் பத்துச் சுற்றாவது நீடித்த ஓர் ஆட்டத்தைக் காட்ட முடிந்தால் மேசை தருகிறோம், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு.

கோளாறு அமைப்பில் இல்லை என்று எனக்குத் தெரியும். நானே இரண்டு பக்கமும் நின்று பதினேழு முறை ஆடிப் பார்த்திருக்கிறேன். பெங்களூர்க்காரர்களுக்கு ரிலீவர் என்றால் என்னவென்று எப்படி எழுதுவது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் சாக்குப்போக்காகத்தான் இருந்தன. வேறு எதிராளியைத் தேடலாம் என்றால், அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று போய்விட்டார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. அங்கிளுக்கு இரண்டாம் ஷிப்ட். ஒன்பதரைக்கு ஆரம்பிக்க வேண்டியது, அவர் வீட்டுக்குக் குள்ளஞ்சாவடியிலிருந்து ஆட்கள் வந்து, பதினொன்றரைக்குத்தான் பகடையைக் கையில் எடுத்தோம். கரையில் மூன்று அணி. சந்துக்குள் நான். லாக்கில் நார்மல். நான்காம் சுற்று முடிந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார். ஆன்ட்டி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

அடுத்த பத்து நிமிடம் அங்கிள் அவருக்கு மேசையைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வோர் அணியாக விரலால் காட்டி, இது இங்கே, இதற்கு அடி பட்டிருக்கிறது, இந்தப் பீரங்கி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சுடும் என்று முறையாகப் பொறுப்பை ஒப்படைத்தார். ஆன்ட்டி ஆமாம் ஆமாம் என்றார். அங்கிள் நோட்டில் கோடு போட்டு, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"வூட்டு வேலைக்கே நான் கையெழுத்துப் போட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஆன்ட்டி போட்டார். அங்கிள் பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் விதிகள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. மேசையை ஒரு பார்வை பார்த்தார்.

"இவனுங்களுக்கு எதுக்க ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்கு வெயில்ல நின்னுகினு கீறானுங்க?"

கரையிலிருந்து இரண்டு அணிகளை வழித்து எடுத்து, அளவுகோலை வைத்து அளந்து, மணல்மேட்டுப் பக்கம் விரட்டினார்.

அந்தப் பிற்பகலைப் பற்றி மட்டும் எனக்குக் குறையில்லை. சந்தின் வாயில் என் முன்னணி அடைபட்டது. அவர் பீரங்கியை இழுத்துவந்து மேட்டின்மேல் ஏற்றினார். நான் பின்வாங்கி, மீண்டும் வந்தேன். ஏழாம் சுற்றில் மேற்கிலிருந்து அவருடைய பின்படை வந்தது. ஒன்பதாம் சுற்றில் எனக்கு வியர்த்துவிட்டது. என் இரண்டு அணிகள் தாண்டின. பதினோராம் சுற்றில் மூன்றாவது. பன்னிரண்டாம் சுற்றில் நான்காவது அணி விளிம்புக்கு ஒரு விரல் தூரத்தில். நான் உருட்டியதில் மூன்று விழுந்தது. நான்கு விழுந்திருந்தால் ஜெயித்திருப்பேன். தோற்றதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை. ஒரு போர் எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து மாதம் வண்ணம் தீட்டிக்கொண்டே நினைத்தேனோ அப்படியே இருந்தது. ஆன்ட்டி மணியைப் பார்த்து, அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லையே என்று இறங்கிப் போனார்.

படிவத்தை எடுத்தேன். ஒன்பது: இல்லை. பதினொன்றில் பேனா நின்றது. தொடங்கிய இருவரே கடைசிவரை ஆடினார்களா? ஆம் என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் வேலை செய்யும் இடத்தில் அளக்காத அளவை அளந்ததாக எழுதினால் மேலே ஒருவன் நடக்கும்போது கரை சரியும். அந்தப் பழக்கம் எனக்கும் ஊறிவிட்டது. இல்லை என்று எழுதி, நான்காம் சுற்றுக்குப் பிறகு ஷிப்ட் காரணமாக ஆள் மாறினார் என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன். முடிந்தால் ஆன்ட்டியோடு முதலிலிருந்து ஒன்று ஆடி மறுநாளே அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் விருந்தாட்களோடு சாயங்கால பஸ்ஸில் குள்ளஞ்சாவடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை நான் அலுவலகம் கிளம்புமுன் அங்கிள் வந்தார். போர்த்தியிருந்த புடவையை விலக்கி மேசையைப் பார்த்தார். வெறும் ஒற்றை அணியோடு கிடந்த கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மைசூர் ஜெயித்ததைச் சொன்னேன். நோட்டை எடுத்து, சிவப்புப் பேனாவால் எழுதினார்: ரிலீவர் இல்லாமல் கரை காலி செய்யப்பட்டது. பிறகு போன் போட்டு மனைவியிடம் கேட்டார். ஸ்பீக்கரில் பதில் எனக்கும் கேட்டது.

"ரிலீவருன்னு நீங்கதான என்ன உக்கார வச்சீங்க. சார்ஜ் குடுத்தப்புறம் என்னா கேள்வி?"

புதன்கிழமை பதில் வந்தது. ஆள் மாறியதால் இதை ஒரே ஆட்டமாகக் கொள்ள முடியவில்லை. முந்தைய இரண்டு ஆட்டங்களின்படி அமைப்பு ஒருதலையானது. அடுத்த வருடம் முயலவும். நாகரிகமாகத்தான் எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் அன்று வரைந்த கோடுகளில் இரண்டு தப்பு. பொதுவாக எனக்குத் தப்பு வராது.

ஞாயிறு சாயங்காலம் மேசையைப் பிரித்தேன். சிப்பாய்களைத் தூரிகையால் தட்டிச் சாம்பலை நீக்கி, பெட்டியில் அணி அணியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அங்கிள் வந்தார். எதிரே உட்கார்ந்து, அவருடைய மைசூர்க்காரர்களை எடுத்துக் கொடுத்தார். இனி சோதனை இல்லை. எதையும் சொல்லலாம். ஒன்றரை மாதம் அடக்கி வைத்ததைச் சொன்னேன்.

"அங்கிள், நாலாவது ரவுண்டுலயே கரைக்கு எதிர்ல யாருமே இல்ல."

"தெரியும்மா. மொத ஆட்டத்துலயே பாத்தனே."

"அப்புறம் ஏன் நகரல?"

அவர் என் அச்சடித்த தாளை எடுத்தார். படிகிற சாம்பலில் அதுவும் பழுப்பாகியிருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை வைத்தார். மைசூர்ப் பின்படை, காலாட்படை இரண்டு அணி, ஏழாம் சுற்றில் வந்து சேரும்.

"நீதான எழுதிக்கீற. ஏழாவதுல ரெண்டு பேர் வரானுங்கன்னு. அவனுங்க வந்து கரையில நின்னதும் இவனுங்கள எறக்கலாம்னு இருந்தேன். நீ ஆறாவதுலயே ஆட்டத்த முடிச்சிட்டா நான் என்னா பண்றது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். பின்படை மேற்கே தொலைவில் நின்றிருக்கும் என்று வரைபடத்தில் தூரத்தை அளந்து, நடைவேகத்தால் வகுத்து, ஏழு என்று போட்டவள் நான். அதைப் படிக்கிறவன் ஏழுவரை காத்திருப்பான் என்று பதினேழு ஆட்டத்திலும் எனக்குத் தோன்றவில்லை. எதற்கும் காத்திராமல் நகர்த்தியது என் கைதானே, இரண்டு பக்கமும்.

அமைப்பில் கோளாறு என்றுதான் பெங்களூர்க்காரர்களும் எழுதியிருந்தார்கள்.

மேசையில் ரப்பர் இருந்தது. எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அழிக்காத. குறுக்கால ஒரு கோடு போடு. பக்கத்துல சரியானத எழுதி கையெழுத்துப் போடு. கீழ நானும் போடறேன்."

ஏழின் மேல் கோடு போட்டேன். ஐந்து என்று எழுதினால் ஆட்டம் நன்றாக இருக்கும். ஆனால் அவ்வளவு தூரத்தை ஐந்து சுற்றில் எந்தக் காலாட்படையும் நடந்திருக்க முடியாது. அவர் பேனாவோடு கையெழுத்துக்குக் காத்திருந்தார். கீழே ஆன்ட்டி கூப்பிடவும், எழுதி வை, நாளைக்கு வந்து போடுகிறேன் என்று இறங்கிப் போனார். தாள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடிபட்ட ஏழு, பக்கத்தில் வெற்றிடம்.